கொதித்தது வண்டி, பழி டிரைவர் மேல்

மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு பாக்குத் தோப்புகளைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் ஒரு காட்சி கண்ணில் படும். சாலையோரமாக நான்கைந்து கார்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். பெண்கள் இறங்கி மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போவார். கொதித்த தண்ணீரும் துருவும் சேர்ந்த ஒரு வாசனை அடிக்கும். என் வயதுக்காரர்களுக்கு அந்த வாசனை மறந்திருக்காது. இன்று அதே சாலையில் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்காமல் ஏறிப் போகிறோம். அன்று ஏன் எல்லா வண்டியும் கொதித்தது, இன்று ஏன் கொதிப்பதில்லை என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வியோடு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டு வண்டி 1965 மாடல் அம்பாசிடர் மார்க் 2. அப்பா அதை செகண்ட் ஹேண்டாக வாங்கினார். சூலூர் பக்கம் தோட்டத்து வீடு. வண்டி ஓட்ட ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். காலையில் வண்டியைத் துடைத்து, ஆயில் பார்த்து, தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு டின் தண்ணீர் கொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றி விட்டுத்தான் சாவியைக் கையில் எடுப்பார்.

1974 மே மாதம். குன்னூரில் அத்தை மகளுக்குக் கல்யாணம், காலை முகூர்த்தம். அப்பா, அம்மா, அப்பத்தாள், அக்கா, நான், சீர் சாமான்கள் எல்லாம் ஒரே வண்டியில். பர்லியாறு தாண்டி இரண்டு வளைவு போனதும் பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. அண்ணன் ஓரம் கட்டினார். "அரை மணி நேரம் ஆறட்டுமுங்க. இப்பத் தொடக் கூடாதுங்க" என்றார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் ஆனது. "முகூர்த்தம் தப்பிரும்ப்பா, திற" என்றார். அண்ணன் ஈரச் சாக்கை மூடியின் மேல் போட்டுத் திருகினார். சாக்கையும் தூக்கிக்கொண்டு தண்ணீர் மேலே பாய்ந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வலது கை வெந்து போனது. அந்தக் கையோடு ஓடைத் தண்ணீரைக் கொண்டு வந்து ஊற்றினார். எஞ்சினுக்குள் 'டங்' என்று ஒரு சத்தம். ஹெட் விரிசல் விட்டுவிட்டது.

நாங்கள் பஸ் ஏறிக் கல்யாணத்துக்குப் போய்விட்டோம். அவர் வண்டியோடு அங்கேயே இருந்தார். அடுத்த வாரம் அப்பா அவரை வேலையை விட்டு நிறுத்தினார். "மலையில ஓட்டத் தெரியாதவன் கையில வண்டியைக் கொடுத்தேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்கு அப்போது 24 வயது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நடந்தது முழுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஆனாலும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

பங்குனியிலேயே அவர் அப்பாவிடம் சொன்னது எனக்குத் தெரியும். "அய்யா, தண்ணி சுத்த மாட்டேங்குதுங்க. மலைக்குப் போறதுக்கு முன்னாடி ரேடியேட்டரைக் கழட்டிக் கொடுத்துடலாமுங்க" என்றார். அப்பா கஞ்சர் இல்லை. அந்த வருடம் மழை இல்லை, மோட்டார் ரிப்பேர், கடன் வட்டி. "தண்ணி ஊத்துனா ஓடுதில்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

தண்ணீர் குடித்த முதல் வண்டி

வண்டி கொதிப்பது அம்பாசிடர் காலத்தில் வந்த வியாதி இல்லை. காரோடு கூடப் பிறந்தது. சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் நொடியில் உள்ளே இருக்கும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும். வார்ப்பிரும்பு அதற்கு வெகு முன்பே உருகிவிடும். பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சம் எல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி புகையோடு போய்விடும். இன்னொரு பெரிய பகுதியைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு போய் வெளியே கொட்ட வேண்டும். அது நடக்காவிட்டால் எஞ்சின் தன் சூட்டிலேயே வெந்து சாகும்.

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும், அது கொதித்து ஆவியாகப் போகும், தீரத் தீர ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு அந்த வண்டியில் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகத்தில் காரில் போன முதல் நெடும்பயணம் அதுதான் என்பார்கள். வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அந்த அம்மாள் வழி நெடுக எங்கே தண்ணீர் கண்டாலும் நிறுத்தி வாங்கி ஊற்றிக்கொண்டேதான் போனார். பர்லியாறு ஓடையில் நாங்கள் செய்த வேலையை அவர் 86 வருடத்துக்கு முன்பே செய்திருக்கிறார்.

இதற்கு நல்ல வழி கண்டுபிடித்தவர் டைம்லர் கம்பெனியின் வில்ஹெல்ம் மேபாக். 1900இல் அவர் செய்த மெர்சிடிஸ் 35 எச்.பி. வண்டியின் முகப்பில் தேன்கூடு போல ஒரு ரேடியேட்டர் இருந்தது. 6 மில்லிமீட்டர் சதுரமான சின்னச் சின்னக் குழாய்கள், மொத்தம் 8,070. குழாய்க்குள் காற்று போகும், குழாய்களுக்கு நடுவில் தண்ணீர் ஓடும். பின்னால் ஒரு ஃபேன். அதற்கு முன் 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதும் என்றானது. 1901இல் அந்த வண்டி பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் மற்ற எல்லோரையும் பின்னுக்குத் தள்ளியது. கார் என்றால் முகத்தில் ஒரு வலைத்தட்டி இருக்க வேண்டும் என்ற அடையாளம் அதற்குப் பிறகுதான் நிலைத்தது.

ஃபோர்டு 1908இல் கொண்டு வந்த மாடல் டி வண்டியில், முதலில் செய்த சில ஆயிரம் வண்டிகளைத் தவிர, வாட்டர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். அந்த ஓட்டத்தையே நம்பினார்கள். சோற்றுப் பானையில் அரிசி சுழல்கிற மாதிரிதான். செலவு குறைவு. ஆனால் தண்ணீர் மட்டம் மேல் குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் ஓட்டம் நின்றுபோகும். பிறகு கொதிப்புதான். பின்னால் வந்த வண்டிகளில் பெல்ட்டால் சுற்றும் பம்பும், எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மாஸ்டாட்டும் சேர்ந்தன.

அதற்கப்புறம் வந்தது அழுத்த மூடி. நம் வீட்டு குக்கர் வேலை செய்யும் விதம்தான் இதற்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. அந்தக் கால வண்டிகளில் 4 பவுண்டு, 7 பவுண்டு மூடிகள் இருந்தன. 7 பவுண்டு மூடி நன்றாகப் பிடித்தால் கொதிநிலை ஏறக்குறைய 11 டிகிரி உயரும். ஆனால் குக்கரில் விசில் அடங்கும் முன் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர், அழுத்தம் போன அந்த நொடியிலேயே ஆவியாகப் பொங்கும். டிரைவர் அண்ணன் கை வெந்தது இப்படித்தான். அவர் இந்த விவரத்தைப் படித்தவர் அல்ல, ஆனால் அரை மணி நேரம் வேண்டும் என்று சரியாகச் சொன்னார். படித்த நாங்கள்தான் பத்து நிமிடத்தில் திறக்கச் சொன்னோம்.

மலையும் இங்கிலாந்து வண்டியும்

அம்பாசிடர் நம் ஊர் வண்டி என்று நாம் சொந்தம் கொண்டாடினாலும் பிறப்பு இங்கிலாந்து. ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தை ஒட்டிய கௌலியில் செய்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் அதன் மூலம். கல்கத்தா பக்கத்தில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை 1950களின் கடைசியில் செய்ய ஆரம்பித்தது. பிறகு 1489 சி.சி. எஞ்சின் வந்தது. அந்த வண்டி உத்தரபாராவில் 2014 வரை ஓடியது. பம்பாயில் ஃபியட், சென்னையை ஒட்டிய வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மற்ற இரண்டும் வெளிநாட்டுப் படங்களை வைத்துச் செய்தவைதான்.

இங்கிலாந்துக்காரனுக்கு வண்டி கொதிப்பதைவிடத் தண்ணீர் உறைவதே பெரிய பயம். ராத்திரி பனியில் தண்ணீர் உறைந்தால் விரிந்து பிளாக்கையே பிளந்துவிடும். அதற்காகத்தான் கிளைக்கால் கலந்த ஆன்டிஃப்ரீஸ் ஊற்றினார்கள். நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டே சிரித்தோம். கோவையில் எங்கே பனி உறைகிறது? பச்சைத் தண்ணீர் போதும் என்று விட்டுவிட்டோம். அந்தத் திரவத்தில் துருப் பிடிக்காமல் காக்கும் மருந்தும் கலந்திருக்கிறது, அது கொதிநிலையையும் சில டிகிரி உயர்த்தும் என்பதைப் பெயர் மறைத்துவிட்டது. பெயரால் வந்த நஷ்டம் அது. இன்று அதே பொருளைக் கூலன்ட் என்று விற்கிறார்கள், நாமும் மறுபேச்சு இல்லாமல் வாங்குகிறோம்.

மலை ஏறும்போது வண்டிக்கு எல்லாம் எதிராகத்தான் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போவதற்குள் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஆட்களோடும் சாமான்களோடும் ஒன்றரை டன் எடை. இரண்டாம் கியரில் எஞ்சின் முழு மூச்சாக இழுக்கும். வேகமோ இருபது கிலோமீட்டர், முகத்தில் காற்று அடிக்காது. போதாததற்கு உயரம் போகப் போகத் தண்ணீரின் கொதிநிலையும் குறையும், 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம். குன்னூரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் பிடிக்காத பழைய வண்டிக்கும் இதே கதிதான்.

அதே மலையில் இன்னொரு எஞ்சினும் ஏறுகிறது. ஊட்டி ரயில். அதுவும் ஹில்குரோவிலும் ரன்னிமேடிலும் நின்று தண்ணீர் குடிக்கிறது. ஆனால் ரயில்வேக்காரர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. கொதிகலனுக்குள் ஊற்றும் தண்ணீர் எது என்று பார்க்க வேண்டும், உள்ளே படிந்ததைக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை கழுவி எடுக்க வேண்டும். நீராவி எஞ்சின்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கற்ற பாடம். கார் வைத்திருந்த நாங்கள் கற்கவில்லை.

ஹெட் மாறியது, தண்ணீர் மாறவில்லை

1974க்குப் பிறகு எங்கள் வண்டிக்கு வேறு ஹெட் போட்டார்கள். வேறு டிரைவர் வந்தார். வண்டி மறுபடியும் கொதித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மாஸ்டாட் எதுக்குங்க" என்று கழற்றி எறிந்தார்கள். அன்றைக்கு எல்லா வண்டிக்கும் அதைத்தான் செய்தார்கள். தெர்மாஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டிருந்தால்தான் அது கொதிப்புக்குக் காரணம். நன்றாக இருப்பதைக் கழற்றினால் காலையில் எஞ்சின் சூடேற நேரமாகும், ஆயிலில் சகதி சேரும், தேய்மானம் கூடும். உண்மையான வியாதி கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான். எங்கள் வண்டியும் சமவெளியில் சமாளித்தது, மலையில் கொதித்தது. மூன்று டிரைவர்கள் மாறினார்கள். கிணற்றுத் தண்ணீர் மட்டும் மாறவில்லை. 1991இல் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினோம்.

2008இல் ஓய்வு பெற்றதும் அதை எடுத்து ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. பழைய வண்டிகள் பார்க்கும் மேஸ்திரி ஒருவர் கோவையில் கிடைத்தார். பேசாமல் வேலை செய்கிறவர். "கொதிக்குதுன்னா ஒரே காரணம் இருக்காதுங்க சார். வரிசையாப் பாக்கணும். செலவு இல்லாததுல ஆரம்பிக்கணும்" என்றார். அவர் செய்த வரிசையை, பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்காக அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஃபேன் பெல்ட். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்குத்தான் உள்ளே போக வேண்டும். எங்களுடையது தொட்டில் கயிறு மாதிரி ஆடியது. அடுத்தது ஹோஸ். கீழ் ஹோஸ் ரப்பர் இற்றுப் போயிருந்தால், எஞ்சின் வேகமாக ஓடும்போது பம்ப் இழுக்கும் இழுப்பில் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு தண்ணீரை அடைத்துவிடும். நின்ற வண்டியில் பார்த்தால் தெரியாது. மூன்றாவது மூடி, ரப்பரும் ஸ்பிரிங்கும். நான்காவது புது தெர்மாஸ்டாட். அதைப் போடும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, 80 டிகிரி வாக்கில் திறக்கிறதா என்று கண்ணால் பார்த்தார். ஐந்தாவது இக்னிஷன் டைமிங். பொறி தாமதமாக விழுந்தாலும் எஞ்சின் சூடாகும். ஆறாவது, மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிற்று என்று பொருள். வரவில்லை.

பிறகு ரேடியேட்டர். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, ரேடியேட்டர் முகத்தில் இடம் இடமாகக் கையை வைத்துப் பார்த்தார். சூடு எல்லா இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுடையதில் பாதிக்கு மேல் சில்லென்று இருந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை. ரேடியேட்டர் கடையில் ஈயப் பற்றவைப்பை உருக்கி மேல் தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பியை விட்டு அடைப்பைக் குத்தி எடுத்தார்கள். செங்கல் பொடி மாதிரி கொட்டியது.

எல்லாம் மாட்டி மேட்டுப்பாளையம் வரை போய், கல்லாறு ஏற்றத்தில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்தோம். முன்னைக்குப் பரவாயில்லை, ஆனாலும் சூடு ஏறியது. மேஸ்திரி திரும்பி வந்ததும் ஒன்றும் சொல்லாமல் எஞ்சின் பிளாக்கின் பக்கத்தில் இருந்த வட்டத் தகட்டு மூடிகளைத் தட்டிக் கழற்றினார். பம்ப் இருப்பது முன்பக்கம். தண்ணீர் அங்கிருந்து பின்பக்கம் போகப் போக ஓட்டம் குறையும், வண்டல் அங்கேதான் தங்கும். நான்காவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் போக இடமே இல்லை. துருச் சேறும், அதற்குள் கல் மாதிரி வெள்ளைப் படிவமும் பாதிக்கு மேல் அடைத்திருந்தன. ஸ்குரூ டிரைவரால் குத்தி ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "எந்தத் தண்ணிங்க சார் ஊத்துனீங்க?" என்றார்.

அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டு வந்து, கழிவறை கழுவும் ஆசிட்டில் இரண்டு சொட்டு விட்டேன். நுரைத்துக்கொண்டு பொங்கியது. சுண்ணாம்பு.

சூலூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை எங்கள் ஊரில் சப்பைத் தண்ணீர் என்போம். உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டால் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படியும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பது அதுதான். அந்தப் படிவம் இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகச் சூட்டைக் கடத்தும். எஞ்சினுக்குக் கம்பளி போர்த்திய மாதிரி. இந்தப் பாடத்தை, கடின நீர், தற்காலிகக் கடினத்தன்மை, கொதிகலன் படிவம் என்று முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் எழுதி நடத்தியவன் நான். காலையில் அந்தப் பாடத்தை நடத்திவிட்டு, சாயங்காலம் அதே கிணற்றுத் தண்ணீரை அதே வண்டியில் நானே ஊற்றியிருக்கிறேன். ஒரு நாளும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

டிரைவர் அண்ணன் யோசித்திருந்தார். "தண்ணி சுத்த மாட்டேங்குதுங்க" என்று அவர் சொன்னது கண்டுபிடித்துச் சொன்ன வார்த்தை. 1974இலேயே வியாதியைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் ஓட்டத் தெரியாதவர் என்று அனுப்பினோம்.

மேஸ்திரி கம்பியால் சுரண்டி, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினார். பிறகு சிட்ரிக் ஆசிட், கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பது, அதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, எஞ்சினை ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி, தெளிந்த தண்ணீர் வரும் வரை மூன்று நாள் செய்தார். இந்த எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, அதனால் தாங்கியது. அலுமினிய ஹெட் உள்ள வண்டிகளில் தெரியாமல் ஆசிட் ஊற்றி விடாதீர்கள். கடைசியில் "இனிமே கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதுங்க. கோயமுத்தூர்ல இருந்து சிறுவாணித் தண்ணி கொண்டாங்க, கூலன்ட்டைக் கலந்து ஊத்திக்கலாம்" என்றார்.

2009 மே மாதம், அதே வெயிலில், நானும் என் மனைவியும் ஊட்டி போனோம். பர்லியாறு தாண்டி அந்த வளைவில் நிறுத்தினேன். கொதித்ததால் இல்லை, நிற்க வேண்டும் என்று தோன்றியதால். புதிதாக மாட்டிய வெப்பமானியின் முள் எண்பதைக் கொஞ்சம் தாண்டி அசையாமல் நின்றது.

இறங்கி வந்த மறு வாரம் டிரைவர் அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். விசாரித்ததில் ஆள் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்களை விட்டுப் போன பிறகு இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியிருக்கிறார், மலைப் பாதையில்தான் அதிகம். அவர் மனைவி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டு உட்காரச் சொன்னார். நான் வண்டியைப் பிரித்ததையும் உள்ளே இருந்ததையும் சொன்னேன். "அண்ணன் மேல தப்பே இல்லீங்கம்மா. எங்க மேலதான். அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.

அந்த அம்மாள் ஆச்சரியப்படவில்லை. "அவரு எப்பவும் சொல்லுவாருங்க தம்பி. அந்தத் தோட்டத்துத் தண்ணிதான் வண்டியைக் கெடுத்துச்சு, அய்யாகிட்டச் சொன்னாக் கேக்கலைன்னு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அப்பா இதையெல்லாம் கேட்க இல்லை. இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்று தெரியாது. அவரைச் சொல்லி என்ன? அன்று பக்கத்தில் நின்ற வேதியியல் ஆசிரியர் நான்தானே. உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு அம்பாசிடரோ ஃபியட்டோ இருந்தால், எடுக்கும் முன் அந்த வட்டத் தகட்டு மூடிகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். பல வருடம் நீங்கள் ஊற்றிய தண்ணீர் அங்கே கல்லாக உட்கார்ந்திருக்கும். அந்த வண்டியை ஓட்டியவரை எப்போதாவது ஏதாவது சொல்லியிருந்தால், அவர் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.